மொச்சைப்பட்டிப் பள்ளிக்கூடத்துக்குச் சீர்

மார்ச் 3, திங்கள்

வட்டாரக் கல்வி அலுவலகத்தில் இன்று தலைமையாசிரியர்கள் கூட்டம். டீ ஆறிப்போயிருந்தது, பேச்சு மட்டும் சூடு. ‘உங்கள் பள்ளியின் சாதனைகளும் மேம்பாட்டுத் திட்டமும்’ என்று ஆளுக்கு இரண்டு பக்கம் எழுதித் தர வேண்டுமாம், மாத முடிவுக்குள். எல்லாரும் எழுந்தபோது அலுவலர் என்னை மட்டும் உட்காரச் சொன்னார். உட்காரச் சொன்னாலே வில்லங்கம்தான்.

மொச்சைப்பட்டி தொடக்கப் பள்ளியில் இப்போது பன்னிரண்டு பிள்ளைகள். ஜூனில் ஒன்றாம் வகுப்புக்குப் புதிதாக ஐந்து பேராவது சேராவிட்டால், நாலுவழிச் சாலைக்கு அந்தப் பக்கம் இருக்கிற பள்ளியோடு எங்களை இணைத்துவிடுவார்களாம்.

“பிள்ளைங்க எப்படி சார் அந்த ரோட்டைத் தாண்டும்? லாரி பறக்குது.”

“அதனாலதாம்மா சொல்றேன், ஆள் சேருங்க.”

பதினோரு வருஷமாக நான்தான் இங்கே தலைமையாசிரியை. தலைமை என்றதும் பெரிதாக எண்ண வேண்டாம். எனக்குக் கீழே பிரான்சிஸ் சார் ஒருவர்தான், அவரும் என் சொல்லில் பாதியைத்தான் கேட்பார். ஆனாலும் இந்தப் பள்ளியைப் பூட்டிச் சாவியை ஒப்படைக்கிற ஆள் நானாக இருக்க மாட்டேன்.

சாயங்காலம் உட்கார்ந்து சாதனைகளை யோசித்தேன். ஒழுகாத வகுப்பறை ஒன்று உண்டு. பிரான்சிஸ் சார் சுவரில் வரைந்த திமிங்கலம் உண்டு. பார்த்தவர்கள் கெண்டை மீன் என்கிறார்கள். மேம்பாட்டுத் திட்டம் யோசிக்காமலே வந்தது: கழிப்பறைக்குக் கதவு. இப்போது அங்கே தொங்குவது பழைய தேர்தல் பேனர். வேட்பாளர் இரண்டு கையையும் கூப்பி நிற்கிறார். பிள்ளைகள் அவரை ஒதுக்கிக்கொண்டுதான் உள்ளே போகிறார்கள்.

மார்ச் 5, புதன்

காலையில் மகள் தன்யாவின் டையைக் காணோம் என்று வீட்டில் ஒரே அமளி. அவள் அழ, அவள் அப்பா கத்த, நான் டவுனிலிருந்து ஸ்கூட்டியை விரட்டிக்கொண்டு மொச்சைப்பட்டி வந்து சேர மணி ஒன்பதைத் தாண்டிவிட்டது.

மதியம் சேர்க்கைக்காக வீடு வீடாகப் போனோம். ஊரில் இரண்டே தெரு. கிணற்றுத் தெரு, மந்தைத் தெரு. தினமும் காலையில் டவுன் இங்கிலீஷ் பள்ளியின் மஞ்சள் வேன் வந்து இரண்டு தெருவிலும் பிள்ளைகளை அள்ளிக்கொண்டு போகிறது. எனக்கு அந்த வேனைக் கண்டாலே ஆகாது.

“வேன்ல ஏத்திவிட்டா இங்கிலீஷ் வந்துருமா? வாந்திதான் வரும்,” என்று வாசலுக்கு வாசல் சொன்னேன். நன்றாகவே எடுபட்டது.

கடைசியாகப் பஞ்சவர்ணம் வீடு. எங்கள் பள்ளி மேலாண்மைக் குழுத் தலைவி அவள்தான். மகள் ஓவியா எங்களிடம் நாலாம் வகுப்பு. மகன் சர்வேஷை ஜூனில் ஒன்றாம் வகுப்பில் சேர்க்க வேண்டும். நூறு நாள் வேலைக்குப் போகும் பெண்களுக்கெல்லாம் இவள் சொன்னதுதான் சட்டம். இவள் மகனைச் சேர்த்தால் இன்னும் நாலு பேர் தானாக வருவார்கள். சேர்க்காவிட்டால் ஒருத்தரும் வர மாட்டார்கள்.

“அவுக அப்பா சர்வேச வேனுக்கு அனுப்பணும்னு நிக்கிறாரு டீச்சரு. பொம்பளப் புள்ளைக்கு இந்தப் பள்ளிக்கூடம் போதுமாம், ஆம்பளப் புள்ளைக்கு அதுதேன் வேணுமாம்,” என்றாள். அந்த ஆளை நான் வாய்க்கு வந்தபடி ஏசினேன். அவள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “ஒங்க பாப்பா எங்க படிக்குது டீச்சரு?” என்றாள்.

“முறுக்கு பிரமாதம் பஞ்சவர்ணம். என்ன அரிசி போட்ட?”

“கடையில வாங்குனது டீச்சரு.”

மார்ச் 6, வியாழன்

டை கிடைத்துவிட்டது. ஃப்ரிட்ஜுக்குப் பின்னால்.

மார்ச் 10, திங்கள்

பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டம். கழிப்பறைக் கதவுக்கு நன்கொடை என்று வாயெடுத்தேன். வந்திருந்த அத்தனை பேரும் தரையில் எதையோ தொலைத்தவர்கள் போலக் குனிந்துகொண்டார்கள். மந்தைத் தெரு ஒச்சப்பன், சொந்தமாக டிராக்டர் வைத்திருக்கிறவர், “கவருமெண்டு எதுக்கு இருக்கு?” என்று எழுந்தே போய்விட்டார்.

இந்த ஊரை எனக்குத் தெரியாதா? நன்கொடை என்றால் கை மடங்கிவிடும். அதுவே ஒரு காதுகுத்து என்றால், இருப்பதை அடகு வைத்தாவது மேளதாளத்தோடு சீர் கொண்டுவந்து இறக்குவார்கள். இறக்கியதற்கு அந்த வீட்டார் திருப்பிச் செய்தாக வேண்டும். அதற்குச் செய்முறை என்று பெயர். செய்முறையில் தப்பியவனை இங்கே மனுஷனாகவே மதிக்க மாட்டார்கள்.

அதனால் நன்கொடைப் பேச்சை அங்கேயே விட்டுவிட்டேன். வருகிற 28-ஆம் தேதி பள்ளிக்கூடத்துக்குக் கல்விச் சீர் என்று அறிவித்தேன். அப்புறம் கிணற்றுத் தெருவுக்குப் போய், மந்தைத் தெருவில் பெரிதாகச் செய்யப்போவதாகப் பேச்சு அடிபடுகிறது என்றேன். மந்தைத் தெருவில் போய் கிணற்றுத் தெருவைச் சொன்னேன். நான் பொய் சொல்லவில்லை. அதற்குள் பேச்சு நிஜமாகவே அடிபட ஆரம்பித்திருந்தது.

“அவிங்க செஞ்சா நாங்க என்ன சோடையா?” என்று ஒச்சப்பன் துண்டை உதறினார். ரொம்ப நாளைக்குப் பிறகு வேலையில் இவ்வளவு சந்தோஷம்.

மார்ச் 14, வெள்ளி

அழைப்பிதழ் அடிப்பதில் தகராறு. சீர் என்றால் தாய்மாமன் யாராவது வேண்டுமே, பள்ளிக்கூடத்துக்கு யார் தாய்மாமன்? இரண்டு தெருவும் உரிமை கொண்டாடியது. பிரான்சிஸ் சார் சமாதானம் பண்ணப் போய், “வேணும்னா நான் இருக்கேன்” என்றார். அவரை எல்லாரும் பார்த்த பார்வையில் திமிங்கலம் கெண்டை மீனாகிவிட்டது. கடைசியில் ‘இரு தெருத் தாய்மாமன்கள்’ என்று போட்டோம்.

“சீர் வாங்குற வீட்டு ஆளு யாருன்னு போடணும்ல. டீச்சரு பேரப் போடுங்க,” என்றாள் பஞ்சவர்ணம். திலகேஸ்வரி, தலைமையாசிரியை என்று போட்டார்கள். குளிர்ந்துதான் போனேன். கீழே ‘மாமா, அத்தை, மறக்காம வந்துருங்க’ என்று மழலைகள் பெயர் வரிசை உண்டு. பன்னிரண்டு பிள்ளைகளின் பெயரையும் எழுதிவிட்டு, “ஒங்க பாப்பா பேரு?” என்றாள். சொன்னேன். “என்ன கிளாசு?”

அந்த நேரம் பார்த்து எனக்கு ஒரு போன் வந்துவிட்டது. வராவிட்டாலும் எடுத்திருப்பேன்.

மார்ச் 19, புதன்

இன்று அந்த மஞ்சள் வேனை மறித்தேன். பள்ளி வாசலிலேயே நிறுத்தி ஹாரன் அடிக்கிறான், எங்கள் பிள்ளைகள் பிரார்த்தனைப் பாட்டை விட்டுவிட்டு வேடிக்கை பார்க்கின்றன. டிரைவர் ராசுவை இறங்கச் சொல்லி, கிராமத்துக் கல்வியை நீங்கள் எப்படிக் கெடுக்கிறீர்கள் என்று விலாவாரியாகச் சொன்னேன். அவன் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டான். பிறகு சீட்டுக்கு அடியில் குனிந்து ஒரு டிபன் பாக்ஸை எடுத்து நீட்டினான்.

“டவுன் டிரிப்பும் நான்தேன் ஓட்டுறேன் டீச்சரு. பாப்பா நேத்து இத வண்டியிலயே விட்டுட்டுப் போயிருச்சு. கழுவி வச்சிருக்கேன்.”

வாங்கிக்கொண்டேன். வேறு என்ன செய்வது? பிரான்சிஸ் சார் நாகரிகமான மனுஷர். வேப்பமரத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

இதற்குக் காரணங்கள் உண்டு. தன்யாவை அங்கே சேர்த்தது அவள் அப்பா. டவுனில் வீடு. எனக்கு வேலை. வேன் வாசலுக்கே வருகிறது. பக்கத்து வீட்டுப் பிள்ளையும் அங்கேதான். இன்னும் இரண்டு காரணம் இருந்தது, இப்போது நினைவுக்கு வரவில்லை.

மார்ச் 20, வியாழன்

கரும்பலகையில் பிரான்சிஸ் சார் தினமும் ஒரு பழமொழி எழுதுவார். இன்றைய பழமொழி: ‘ஊருக்குத்தான் உபதேசம், உனக்கில்லையடி கண்ணே.’

புத்தகத்தில் இன்றைக்கு அதுதான் முறையாம். அவரை நாகரிகமானவர் என்று நேற்று எழுதியதைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.

மார்ச் 28, வெள்ளி

சீர் வந்தது.

இப்படி வரும் என்று நானே எதிர்பார்க்கவில்லை. மந்தையிலிருந்து ஒரு மேளம், கிணற்றடியிலிருந்து ஒரு மேளம், இரண்டும் பள்ளி வாசலில் மோதிக்கொண்டன. தாம்பாளம் தாம்பாளமாகப் பழம், வெல்லம், பென்சில் டப்பா. பிளாஸ்டிக் நாற்காலிகள், இரும்பு பீரோ, குத்துவிளக்கு, குக்கர். கழுத்தில் மாலையோடு ஒரு ஆட்டுக்குட்டி. அதைச் சத்துணவில் போட மாட்டோம் என்று பிள்ளைகள் தலையில் அடித்து என்னிடம் சத்தியம் வாங்கிவிட்டன. சுவர்க் கடிகாரம் மட்டும் ஒன்பது. சீர் என்றால் கடிகாரம்தானே சுலபம்? இருப்பதோ இரண்டு வகுப்பறை.

கதவும் வந்தது. ஒச்சப்பன் பொட்டு வைத்து, மாலை போட்டு, தானே தலையில் சுமந்து வந்தார். என் கண்ணே கலங்கிவிட்டது. திரும்பிப் பார்த்தால் கிணற்றுத் தெருவிலிருந்து இன்னொரு கதவு வருகிறது. மந்தைத் தெரு கதவு செய்கிறது என்று அவர்கள் காதில் போட்டது யார் என்று எழுத வேண்டியதில்லை. கழிப்பறை ஒன்று, கதவு இரண்டு. எங்களுடையதை மாட்டாவிட்டால் சீரைத் திருப்பி எடுத்துப்போவோம் என்று இரண்டு தெருவும் மல்லுக்கு நின்றது. கடைசியில் ஒரே நிலைச்சட்டத்தில் இரண்டையும் மாட்டுவது என்று முடிவாகியிருக்கிறது. ஒன்று வெளியே திறக்கும், ஒன்று உள்ளே திறக்கும். அவசரமாக வருகிற பிள்ளையை ஆண்டவன்தான் காப்பாற்ற வேண்டும்.

அழைப்பிதழில் பெயர் இருந்ததால் தன்யாவும் வந்தாள். அவள் பள்ளிக்குக் காய்ச்சல் என்று சொல்லியிருந்தோம். காய்ச்சல்காரி ஓவியாவோடு சேர்ந்து ஆட்டுக்குட்டியைத் துரத்திக்கொண்டு திரிந்தாள்.

சாப்பாட்டுக்கு முன்னால் பஞ்சவர்ணம் மைக்கைப் பிடித்தாள். “சீரு எறக்கியாச்சு. வாங்குன வீட்டுச் செய்முறை என்னன்னு டீச்சரு சொல்லணும்.” சனம் கை தட்டியது. நான் ஆங்கிலப் பயிற்சி, கணினி, காய்கறித் தோட்டம் என்று அடுக்கினேன். நல்ல பேச்சு. மேளக்காரர் நடுநடுவே ஒரு தட்டுத் தட்டினார்.

கீழே இறங்கியதும் என்னைப் புது பீரோவுக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போனாள்.

“அதெல்லாம் கவருமெண்டு செய்யும். நான் கேட்டது ஒங்க வீட்டுச் செய்முறை. பாப்பாவ இங்க கொண்டாந்து சேருங்க.”

“பஞ்சவர்ணம், அது வந்து…”

“வேன் ஓட்டுற ராசு எஞ் சின்னம்மா மகன் டீச்சரு. போன வருசமே தெரியும். ஊருக்கே தெரியும். எங்களுக்குத் தெரியும்னு ஒங்களுக்குத்தேன் தெரியாது.”

“அப்புறம் எதுக்கு என்கிட்ட எங்க படிக்குதுன்னு கேட்ட?”

“என்ன சொல்லுவீகன்னு பாப்பமேன்னுதேன்.” சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டாள். “எம் மகள ஒங்கள நம்பித்தேன் விட்டிருக்கேன். ஒங்க மகள இங்க விட ஒங்களுக்கே நம்பிக்கை இல்லேன்னா, நான் எந்த மொகத்த வச்சுக்கிட்டு எம் புருசன்கிட்ட மல்லுக்கட்டுவேன்? நீங்க பாப்பாவ வேனவிட்டு எறக்குனா நான் சர்வேசக் கூட்டியாறேன். எம் பின்னால வாரவுகளும் வருவாக. இல்லையா, அவனும் வேன்ல ஏறட்டும்.”

பாயசத்தை இலையிலேயே விட்டுவிட்டு எழுந்தேன்.

மார்ச் 30, ஞாயிறு

தன்யா அப்பாவிடம் சொன்னேன். சண்டை வரும் என்று எதிர்பார்த்து பதில்களெல்லாம் தயாராக வைத்திருந்தேன். சண்டையே வரவில்லை.

“அங்க சேர்த்தா தன்யாவுக்கு யாரு கிளாஸ் எடுப்பா?”

“ஜூன்ல அவ நாலாவது. மூணு, நாலு, அஞ்சு மூணுக்கும் நான்தான்.”

“நல்லா எடுப்பியா?”

கேலியாகக் கேட்கவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார். நான் பருப்பைத் தாளிக்கப் போய்விட்டேன். அது ஏற்கெனவே தாளித்த பருப்பு.

மார்ச் 31, திங்கள்

சாதனைப் பக்கத்தை அலுவலகத்தில் கொடுத்தேன். சீர் வந்த புகைப்படங்களைப் பார்த்து அலுவலர் அசந்துவிட்டார். “மேம்பாட்டுத் திட்டம் எங்கம்மா?” என்றார். ஒரு வாரம் அவகாசம் கேட்டிருக்கிறேன்.

ஏப்ரல் 2, புதன்

இன்று ஒரு விளையாட்டு விளையாடிப் பார்த்தேன். இரண்டாவது வரிசையில் தன்யா உட்கார்ந்திருப்பதாக நினைத்துக்கொண்டு பாடம் எடுத்தேன். பத்து நிமிஷத்தில் வியர்த்துவிட்டது.

ஓவியாவை வாசிக்கச் சொன்னேன். எப்போதும் போல மணி மணியாக வாசித்தாள். எப்போதும் ‘வெரி குட்’ சொல்லி உட்காரவைத்துவிடுவேன். இன்று தன்யா பார்த்துக்கொண்டிருந்தாளே, அதனால் நாங்கள் இன்னும் நடத்தாத பாடத்தைப் புரட்டி வாசிக்கச் சொன்னேன். பிள்ளை விழித்தாள். எழுத்துக் கூட்டக்கூட வரவில்லை. முன்னால் வாசித்ததெல்லாம் மனப்பாடம். மற்றவர்களையும் ஒவ்வொருவராகப் பார்த்தேன். இரண்டு பேருக்குத்தான் வந்தது, மற்ற யாருக்கும் வரவில்லை.

என் மகள் இப்படி வாசித்தால் அந்த டீச்சரைச் சும்மா விட்டிருப்பேனா? நடு ரோட்டில் நின்று கத்தியிருப்பேன். பஞ்சவர்ணம் கத்தாமல் முறுக்கு கொடுத்திருக்கிறாள்.

வெட்கமாக இருந்தது. இதை வேறு எங்கும் எழுதப்போவதில்லை.

ஏப்ரல் 8, செவ்வாய்

மேம்பாட்டுத் திட்டம் கொடுத்துவிட்டேன். மொத்தமே மூன்று வரி. ஒவ்வொரு பிள்ளையும் தினமும் பாடப் புத்தகத்தில் இல்லாத ஒன்றை வாசிக்க வேண்டும். வாசித்ததைத் தன் சொந்த வார்த்தையில் சொல்ல வேண்டும். சொல்லி முடிக்கும்வரை டீச்சர் உட்காரக் கூடாது.

“கம்ப்யூட்டர் லேப், ஸ்மார்ட் போர்டு எதுவும் கேக்கலையா?” என்றார் அலுவலர்.

“முதல்ல இது வரட்டும் சார்.”

காய்ச்சலா என்று விசாரித்தார்.

ஏப்ரல் 16, புதன்

கால் வலி. பிரான்சிஸ் சாரும் இப்போது நின்றுகொண்டேதான் பாடம் எடுக்கிறார். பிள்ளைகள் கண்ணில் படுவதையெல்லாம் வாசிக்கின்றன. சோப்பு உறை, உர மூட்டை, பஸ் டிக்கெட். பழைய தேர்தல் பேனரை எடுத்து விரித்து அதையும் வாசித்தார்கள். வேட்பாளர் கொடுத்த வாக்குறுதிகளை ஓவியா தன் சொந்த வார்த்தையில் சொன்னாள்: “எல்லாம் தருவேன்னு சொல்லியிருக்காக டீச்சரு. கதவு மட்டும் சொல்லல.”

ஏப்ரல் 24, வியாழன்

ஸ்கூட்டி பஞ்சர். என்னை அழைத்துப்போக அவர் வந்தார். வகுப்பு முடியாததால் வராந்தாவில் நம் சீர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அவர் இருக்கிறார் என்று தெரிந்ததும் எனக்கு வாய் உலர்ந்துவிட்டது. ஆசிரியர் பயிற்சிப் பள்ளியில் முதல் நாள் பாடம் எடுத்தபோதுகூட இப்படி இல்லை.

அவர் வண்டியில்தான் திரும்பினோம். டவுன் நெருங்கியதும், “கடைசி வரிசைப் பையன் தூங்குறான். அவனை முன்னாடி உட்கார வை,” என்றார்.

அவ்வளவுதான் சொன்னார்.

மே 12, திங்கள்

தன்யாவின் டி.சி. வாங்கியாயிற்று. அவர்தான் உள்ளே போனார். நான் வெளியில் ஸ்கூட்டியிலேயே இருந்தேன். வரிசையாக நின்ற மஞ்சள் வேன்களுக்கு நடுவிலிருந்து ராசு கை அசைத்தான். இந்நேரம் மொச்சைப்பட்டிக்குத் தகவல் போயிருக்கும்.

தன்யாவுக்கு டை இல்லை என்பதில் பரம சந்தோஷம். எனக்குப் பயம்தான் அதிகமாக இருக்கிறது.

ஜூன் 2, திங்கள்

பள்ளி திறந்தது. தன்யாவை முன்னால் நிறுத்தி ஸ்கூட்டியில் வந்தேன். வாசலில் பஞ்சவர்ணம், பக்கத்தில் சர்வேஷ், பின்னால் நாலைந்து பெண்கள். யாரும் உள்ளே வரவில்லை. எல்லார் கையிலும் ஒரு பிள்ளை, எல்லார் கண்ணும் என் ஸ்கூட்டி மேல்.

தன்யா இறங்கினாள். ஓவியா ஓடி வந்து அவள் பையை வாங்கிக்கொண்டாள். இரண்டும் உள்ளே போய்விட்டன.

பஞ்சவர்ணம் அதுவரை இறுக்கிப் பிடித்திருந்த மகனின் கையை விட்டாள். “செய்முறை வந்துருச்சுடா. போ,” என்றாள்.

ஒன்றாம் வகுப்பில் ஆறு பேர். அலுவலகத்துக்குப் போன் பண்ணிச் சொன்னேன். குரல் தழுதழுத்தது. சிக்னல் சரியில்லை என்று சொல்லிவிட்டேன்.

ஜூன் 3, செவ்வாய்

பள்ளியில் என்னை டீச்சர் என்றுதான் கூப்பிட வேண்டும் என்று தன்யாவிடம் சொல்லியிருந்தேன். அச்சு மாறாமல் கூப்பிடுகிறாள். வீட்டுக்கு வந்தும் விடவில்லை.

சாப்பிடும்போது அவர் கேட்டார், “எப்படி இருக்காங்க புது டீச்சர்?”

“நல்லாத்தான் சொல்லித் தர்றாங்கப்பா. நின்னுக்கிட்டே எடுக்கிறாங்க.” அப்பளத்தை நொறுக்கினாள். “ஆனா நாங்க வாசிக்கிறப்ப அப்பப்ப போனைப் பாக்கிறாங்க.”

அவர் என்னைப் பார்க்கவில்லை. ரசத்தைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டார்.

ஜூன் 4, புதன்

போனை வீட்டில் வைத்துவிட்டுப் போனேன்.